வேகத்தடை கேட்கும் முன் தெருவை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் தெருவில் ஒரு விபத்து நடந்துவிட்டால், மறுநாளே எழும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே வேகத்தடை போடுங்கள்." அதற்குப் பின்னால் இருக்கும் பதற்றம் நியாயமானது. ஆனால் அப்படி அவசரத்தில் வரும் வேகத்தடை, வேறெங்கோ மிஞ்சிய தாரைக் கொட்டி, கண் மதிப்பில் உயரம் வைத்து, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் போடப்படுகிறது. சில மாதங்களில் அதில் இருசக்கர வாகனங்கள் சறுக்குகின்றன, தண்ணீர் தேங்குகிறது, லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்கிறது. பிறகு அதை அகற்றச் சொல்லி இன்னொரு மனு. இதைத் தவிர்க்க முடியும். தெருவை முதலில் அளக்க வேண்டும். மாற்றத்தைத் தற்காலிகமாகச் செய்து பார்க்க வேண்டும். நிலையாகக் கட்டும்போது அளவு பிசகாமல் கட்ட வேண்டும். சாலைப் பொறியியலிலும் உள்ளாட்சிப் பணியிலும் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறோம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 8.3 மீட்டர் நகர்கிறது. தெருவில் ஓடிவரும் குழந்தையைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு உலர்ந்த, நல்ல தார்ப்பரப்பில் நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக, ஏறத்தாழ 13 மீட்டரில் கார் நின்றுவிடும். அதே கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்த ஒரு விநாடியிலேயே 13.9 மீட்டரைக் கடந்துவிடுகிறது. முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே போட்டிருக்காது. முழு வேகத்தில் மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 30-இல் இருந்து 50-க்குப் போகும்போது அது கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக அமைச்சர்கள் மாநாடு, நடந்து செல்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 ஆக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். ஸ்பெயின் 2021 மே மாதத்தில், ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள ஊர்த்தெருக்கள் அனைத்திலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தது.

ஆனால் 30 என்று எழுதிய பலகையை மட்டும் நட்டுவிட்டால் வேகம் சராசரியாக ஓரிரு கி.மீ. குறையும், அவ்வளவுதான். அகலமான, நேரான, தடையற்ற தெரு ஓட்டுநரிடம் "வேகமாகப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பலகையைவிட அந்தக் குரலுக்குத்தான் அவர் கட்டுப்படுகிறார். எனவே மாற்ற வேண்டியது தெருவின் அமைப்பை.

அதற்கு முன் அளவீடு. "எல்லாரும் பறக்கிறார்கள்" என்ற புகாரை எண்ணாக மாற்ற விலையுயர்ந்த ராடார் கருவி வேண்டியதில்லை. தெருவின் நேரான பகுதியில் 50 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரு முனையிலும் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். வாகனத்தின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஒருவர் கையை இறக்கட்டும். இரண்டாவது கோட்டில் நிற்பவர் கைபேசியின் ஸ்டாப்வாட்சை அப்போது தொடங்கி, சக்கரம் தன் கோட்டைத் தொடும்போது நிறுத்தட்டும். 180-ஐ விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 6 விநாடி என்றால் 30, 4.5 விநாடி என்றால் 40, 3.6 விநாடி என்றால் 50. இதில் ஒரு பலவீனம் உண்டு: வேகம் கூடக் கூடப் பிழையும் பெரிதாகும். 3.6 விநாடியில் கை அரை விநாடி பிந்தினால் 50 கி.மீ. வேகம் 44 என்று பதிவாகிவிடும். தெரு நீளமாக இருந்தால் தூரத்தை 100 மீட்டராக்கி, 360-ஐ வகுக்கலாம். இன்னும் நல்ல வழி, இரண்டு கோடும் ஒரே சட்டத்தில் (பிரேமில்) தெரியும்படி மாடியிலிருந்து வீடியோ எடுத்து, பிறகு நிதானமாகச் சட்டங்களை எண்ணுவது. விநாடிக்கு 30 சட்டங்கள் பதிவாகும் கைபேசியில் பிழை ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும்.

அளப்பவர்கள் கண்ணில் படக்கூடாது. ஒளிரும் மேலங்கியோடு கையில் அட்டை வைத்துக்கொண்டு நின்றால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். முன்னால் போகும் வாகனத்தின் பின்னால் நெருங்கி வருபவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்னால் குறைந்தது ஐந்து விநாடி இடைவெளி உள்ளவற்றை மட்டும் எடுங்கள். பள்ளி விடும் நேரம், மதியம், இரவு ஒன்பது மணிக்கு மேல் என்று மூன்று பொழுதுகளிலும் தலா நூறு வாகனங்களாவது வேண்டும். இருசக்கர வாகனம், கார், கனரக வாகனம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றின் வேகம் ஒன்றுபோல இருப்பதே இல்லை.

கிடைத்த நூறு வேகங்களைக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தினால் 85-வது இடத்தில் உள்ள எண்தான் முக்கியம். சராசரி ஏமாற்றும், ஊர்ந்து செல்லும் வண்டிகள் அதைக் கீழே இழுத்துவிடும். 85-வது எண், சாதாரண ஓட்டுநர் அந்தத் தெருவில் போகத் துணியும் வேகத்தைக் காட்டுகிறது. ஆனால் அதையே வரம்பாக அறிவிப்பது தவறு. குடியிருப்புத் தெருவில் 85-வது எண் 52 என்று வந்தால், அங்கே 50 பலகை வைக்கலாம் என்று பொருள் அல்ல. தெருவின் அமைப்பை மாற்ற வேண்டும் என்று பொருள். மாறாக அது 35-க்குக் கீழே இருந்தால் அங்கே வேகத்தடை தேவையில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: மறைக்கும் வாகனம், இருட்டு, அகன்ற முனை, அல்லது நடப்பதற்கு இடமே இல்லாமை. வேகத்தடை கேட்டு வரும் மனுக்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பது எங்கள் கணிப்பு.

விபத்துக் கணக்கைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பெருநகரத்தில் ஒரே சந்திப்பில் ஆண்டுக்குப் பத்து விபத்து நடந்தால் அதில் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடிக்கலாம். சிறிய ஊரில் ஒரு முனையில் பல ஆண்டுகளுக்கு ஒன்று நடக்கும். அடுத்தது வேறு முனையில் நடக்கும். நடந்த இடத்தில் உடனே ஏதாவது கட்டினால், அடுத்த ஆண்டு அங்கே விபத்து இருக்காது. எதுவும் கட்டாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் இருந்திருக்காது. அதைக் கட்டுமானத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டு அதே தவறான வடிவத்தை ஊர் முழுக்கப் பரப்புவதுதான் வழக்கம். ஆகவே நடந்த விபத்தோடு, நடக்கவிருந்து தப்பியவற்றையும் பதிவு செய்ய வேண்டும். சட்டென்று பிரேக் அடித்தது, நடப்பவர் பின்வாங்கிக் குதித்தது, சைக்கிள் ஒதுங்கி வடிகாலில் இறங்கியது ஆகியவற்றை நாள், நேரம், திசை, மழை இருந்ததா, விளக்கு எரிந்ததா என்ற குறிப்புகளோடு ஒரு நோட்டில் எழுதினால் போதும். தெருவும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும்: முனையில் கிடக்கும் முகப்பு விளக்குக் கண்ணாடித் துண்டு, சுவரில் உரசிய பெயிண்ட், சாய்ந்த கம்பம், தாரில் பதிந்த டயர்க் கோடு. இவற்றை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், ஒரே ஒரு பெரிய விபத்தைவிடத் தெளிவாக அவை ஊரின் ஆபத்தான இடங்களைக் காட்டும்.

இனி, செலவு குறைந்த வேலைகளில் தொடங்க வேண்டும். முதலாவது பார்வை. முனையை ஒட்டி ஒரு வேன் நின்றால், கடக்க வரும் சிறுவனை ஓட்டுநர் பார்ப்பது அவன் தெருவில் இறங்கிய பிறகுதான். ஜீப்ரா கிராசிங்குக்கு முன்னால் குறைந்தது 6 மீட்டருக்கும், சந்திப்பின் முனையிலிருந்து 10 மீட்டருக்கும் வாகனம் நிறுத்த இடம் கொடுக்கக் கூடாது. மஞ்சள் கோடு மட்டும் போட்டால் ஒரு வாரத்தில் அங்கே வண்டி நிற்கும். பொல்லார்ட் எனப்படும் குட்டையான தடுப்புக் கம்பம் அல்லது தாழ்வான தொட்டி வைத்தால்தான் அந்த இடம் காலியாக இருக்கும். தொட்டியும் செடியும் சேர்ந்து 60 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. சரிபார்க்க எளிய வழி, கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அதாவது ஒரு சின்னக் குழந்தையின் கண் மட்டத்தில் பிடித்துக் கடக்கும் இடத்திலிருந்து இரு பக்கமும் படம் எடுப்பது. அந்தப் படத்தில் சாலை தெரியவில்லை என்றால் ஓட்டுநருக்கும் அந்தக் குழந்தை தெரியாது.

இரண்டாவது, முனையின் வளைவு. வளைவு ஆரம் 9 அல்லது 10 மீட்டர் இருந்தால் கார் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பும். அதை 4 அல்லது 5 மீட்டராகச் சுருக்கினால் அது 15 கி.மீ. அளவுக்கு வேகம் தணிந்துதான் திரும்ப முடியும். கடப்பவர் நடக்க வேண்டிய தூரமும் குறையும். 9 மீட்டர் அகலத் தெருவில் இரு பக்கமும் நடைபாதையை ஒன்றரை மீட்டர் முன்னே நீட்டினால் கடக்கும் தூரம் 6 மீட்டராகிறது. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 11 விநாடி ஆனது ஏழரை விநாடியாகிறது. வாகனத்தின் முன் அவர் நிற்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கழிந்துவிடுகிறது. இங்கே தவறு நிகழ்வது பெரிய வண்டிகளை மறப்பதால். குப்பை லாரி, பள்ளிப் பேருந்து, தீயணைப்பு வண்டி திரும்ப முடியாமல் நீட்டிய பகுதியில் ஏறினால் ஒரு மாதத்தில் விளிம்புக்கல் உடைந்துவிடும். உண்மையான வண்டியைக் கொண்டுவந்து மெதுவாகத் திருப்பிப் பார்த்து, பின்சக்கரம் போகும் கோட்டைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். கோட்டுக்கு உள்ளே வரும் பகுதியைக் கல் பதித்து, 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் பெரிய வண்டி மட்டும் ஏறிப் போகும்படி விட்டுவிடலாம்.

விளக்கைப் பொறுத்தவரை, எத்தனை விளக்கு என்பதைவிட எங்கே என்பதே பெரிது. கடக்கும் இடத்துக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் நடப்பவரின் தலை மட்டும் ஒளிரும். ஓட்டுநர் வரும் பக்கத்தில், கடக்கும் இடத்துக்குச் சற்று முன்னதாகவே கம்பம் இருந்தால் அவருடைய உடல் முழுதும் வெளிச்சம் படும். இருவழித் தெருவில் இதற்கு இரண்டு கம்பங்கள் வேண்டும். எரியும் விளக்கையே மரக்கிளை மூடிவிட்ட தெருக்கள் ஏராளம். புது விளக்குக்கு மனு போடும் முன் கிளையைக் கழியுங்கள்.

இவையெல்லாம் செய்தும் 85-வது எண் 35-க்கு மேலே நின்றால் வேகத்தடை பொருந்தும். ஆனால் எந்த வடிவம்? ஒரு முழம் அகலத்தில் முட்டாக எழும் தார்க்கட்டியும், போல்ட் போட்டு இறுக்கிய ரப்பர்ப் பட்டையும் பார்வைக்குக் கடுமையாக இருக்கின்றன. வேலை செய்வதோ நேர்மாறாக. 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது முதுகெலும்பு அதிர்கிறது. 50-இல் போனாலோ சக்கரம் மட்டும் துள்ளி, ஸ்பிரிங் அதை விழுங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அதிர்வு குறைவு. ஒழுங்காக மெதுவாகப் போகிறவரையும் ஆம்புலன்சில் படுத்திருக்கும் நோயாளியையும் தண்டித்து, பறக்கிறவரை அது விட்டுவிடுகிறது. போல்ட் தளர்ந்த ரப்பர்ப் பட்டை ஒரு துண்டு கழன்று போனால், மிஞ்சும் கம்பி இருசக்கர வாகனத்தின் டயருக்கு எமன்.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து வகுத்த வடிவம் இந்தக் குறையைத் தீர்த்தது. பல நாடுகளின் விதிகளில் இன்றும் இருப்பது அதுதான்: பயணத் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. காரின் இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட இது நீளமாக இருப்பதால் வண்டி முழுதாக ஏறி இறங்குகிறது. வேகம் கூடக் கூட அசௌகரியமும் கூடுகிறது. 25 கி.மீ. வேகத்தில் மெல்லிய ஏற்றம், 40-இல் தூக்கிப் போடும். பேருந்து போகும் தெருவில் உயரத்தை 7.5 செ.மீ. ஆக்கலாம், அல்லது நடுவில் 6 மீட்டருக்குக் குறையாமல் தட்டையான மேடையும் இரு பக்கமும் 1:12 (12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரம்) போன்ற சரிவும் வைக்கலாம். அந்த மேடையின் மீதே ஜீப்ரா கோடு போட்டால், நடப்பவர் நடைபாதை மட்டத்திலேயே கடந்துவிடுவார். சக்கர நாற்காலி இறங்கி ஏற வேண்டியதில்லை. எங்களைக் கேட்டால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் முன்னால் இதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். பேருந்தின் சக்கரங்கள் இரு பக்கமும் தாண்டிப் போகும்படி நடுவில் மட்டும் வைக்கும் சிறு மெத்தை போன்ற வடிவம் சில நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. இருசக்கர வாகனங்கள் மிகுந்த ஊரில் அது பயன்படாது. அவை இடைவெளியில் நேராகப் போய்விடும்.

வேலையை மேற்பார்வை பார்க்கிறவர்களுக்குச் சில எண்கள். 3.7 மீட்டர் வடிவத்தில் உயரம் நடுக்கோட்டில் 10 செ.மீ.; அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி 9.3; ஒரு மீட்டரில் 7.1, ஒன்றரை மீட்டரில் 3.4, 1.85 மீட்டரில் பூஜ்யம். இந்த வளைவை ஒட்டுப்பலகையில் வெட்டி ஒரு டெம்ப்ளேட் செய்துகொள்ளுங்கள். ரோலர் உருண்ட பிறகு அதை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி 5 மி.மீ.-ஐத் தாண்டினால் அப்போதே திருத்தச் சொல்லலாம், ஆறிய பிறகு முடியாது. 6 மீட்டர் அகலத் தெருவுக்கு இந்த வடிவம் சுமார் ஒன்றரைக் கன மீட்டர், அதாவது மூன்றரை டன் அளவுக்குத் தார்க்கலவை கேட்கும். ஒரு டன்னோடு வண்டி வந்து நின்றால், வரப்போவது வேறு வடிவம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

தொடக்க, முடிவு விளிம்புகளில் பழைய தாரை 3 முதல் 5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளமாக வெட்டி, அதற்குள் புதுக் கலவையின் முனை அமர வேண்டும். வெட்டாமல் பழைய பரப்பின் மேல் மெல்லிதாகத் தீற்றினால் அந்த ஓரம்தான் முதலில் பெயரும். பெயர்ந்த இடம் குழியாகி, சரிவு போய்ச் சுவராக நிற்கும். பரப்பைப் பெருக்கி, டேக் கோட் எனப்படும், அடுக்குகளை ஒட்டவைக்கும் மெல்லிய தார்ப்பூச்சைத் தெளித்து, இரண்டு அடுக்காகப் போட்டு உருட்ட வேண்டும். இவ்வளவு சிறிய அளவு கலவை விரைவில் ஆறிவிடும் என்பதால், கலவை சூடாக வந்து சேர்வதும் ரோலர் தயாராகக் காத்திருப்பதும் அவசியம். ரோலர் இல்லாமல் மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்த வேகத்தடை சில வாரங்களில் சக்கரத் தடத்தில் அமுங்கி, நடுவில் மேடும் இரு பக்கம் பள்ளமுமாகிவிடும்.

மழைநீர்தான் பெரும்பாலான வேகத்தடைகளைக் கொல்கிறது. தெருவின் ஓரத்தில் நீர் ஓடும் பாதையைத் தடை அடைத்தால் மேல்பக்கம் குளம் நிற்கும், தார் ஊறிப் பெயரும். ஓரத்தில் 20 செ.மீ. இடைவெளி விட்டு, அந்தப் பக்கம் உயரத்தைச் சரிவாக இறக்குவது ஒரு வழி. அந்த இடைவெளி அரை மீட்டரானால் இருசக்கர வாகனங்கள் அதில் புகுந்து, நடப்பவரை உரசிக்கொண்டு போகும். முழு அகலத்துக்கும் மேடை கட்டுவதானால், சரிவின் மேல்பக்கத்தில் வடிகால் வாய் ஒன்று வைத்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு வேகத்தடை ஒரு தெருவை மெதுவாக்காது. அதைத் தாண்டியதும் ஓட்டுநர் இழந்த நேரத்தைப் பிடிக்க மிதிப்பார். 60 முதல் 90 மீட்டர் இடைவெளியில் தொடராக வந்தால்தான் இடையிலும் வேகம் தணிந்திருக்கும். 100-ஐத் தாண்டினால் பலன் தேயும். தொடரின் முதல் தடை, வாகனம் ஏற்கெனவே மெதுவாக வரும் இடத்தில், அதாவது சந்திப்பிலிருந்து திரும்பிய 20 முதல் 40 மீட்டருக்குள் இருக்கட்டும். செங்குத்தான இறக்கத்தின் அடியிலும், வளைவு முடிந்த உடனேயும் வைக்கவே கூடாது. எச்சரிக்கைப் பலகை, இரவில் ஒளிரும் கண்ணாடி மணி கலந்த தெர்மோபிளாஸ்டிக் கோடு, பக்கத்தில் ஒரு தெருவிளக்கு ஆகிய மூன்றும் இல்லாத வேகத்தடையைப் போக்குவரத்துக்குத் திறக்கக் கூடாது. சாதாரணப் பெயிண்ட் சில மாதங்களில் மங்கிவிடும், அதன் பிறகு இரவில் அது ஒரு மறைந்த மேடு.

மலிவாகக் கிடைப்பதாலேயே வாங்கப்படும் சில பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. முனையில் வைக்கும் குவிவாடி தூரத்தைக் கூட்டியும் வேகத்தைக் குறைத்தும் காட்டும், தூசி படிந்தால் எதையும் காட்டாது. சுவரையோ வேலியையோ வெட்டிப் பார்வையைத் திறக்க வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அது. வேகத்தைக் குறைப்பதற்காக நான்கு பக்கமும் "நில்" பலகை வைத்தால், காலியான சந்திப்பில் எவரும் நிற்பதில்லை. நாளடைவில் நிற்க வேண்டிய இடத்திலும் நிற்க மாட்டார்கள். கடகடவென்று ஒலி எழுப்பும் குறுக்குக் கோடுகள் ஊருக்கு வெளியே எச்சரிக்கையாகப் பயன்படும். வீடுகளுக்கு 100, 200 மீட்டர் அருகில் போட்டால் இரவு முழுக்கத் தூக்கம் போகும்.

எதைக் கட்டுவதாக இருந்தாலும், முதலில் தற்காலிகமாகச் செய்து பாருங்கள். நீட்டிய நடைபாதையை மணல் மூட்டை, நீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்பு, பெயிண்ட், வளையும் பொல்லார்ட் ஆகியவற்றால் மூன்று மாதம் அமைக்கலாம். அதே கோடுகளில், அதே நேரங்களில் மறுபடி வேகத்தை அளக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்து எண்களை நம்ப வேண்டாம், புதுமை தணிந்த பிறகு வரும் எண்கள்தான் உண்மை. பக்கத்துத் தெருக்களிலும் வாகனங்களை எண்ணுங்கள். ஒரு தெருவை அமைதியாக்கி, அதன் வாகனங்களை இணையான சந்துக்குள் தள்ளிவிட்டால் ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஓட்டுநர்களை இந்தச் சோதனையின்போதே அழைத்துவந்து ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேகத்தடையும் அவர்களுக்குச் சில விநாடிகள் தாமதம்; பத்து தடைகள் உள்ள பாதை அவர்களின் முதன்மைப் பாதையாக இருக்கக் கூடாது.

தெரு மேம்பாட்டு நிதி வரும்போது நடக்கும் பெரிய விரயம் வேலைகளின் வரிசை மாறுவது. குடிநீர்க் குழாய், கழிவுநீர், கேபிள் முதலில், பிறகு மழைநீர் வடிகால், பிறகு விளிம்புக்கல்லும் நடைபாதையும், தார் அதற்குப் பிறகு, கோடுகள் கடைசியில். தார் போட்ட மறு மாதம் குழாய்க்குத் தோண்டுவது எல்லாரும் அறிந்த அவலம். தோண்டியதை மூடும் விதம் அதைவிட மோசம். 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக மண் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்கினால்தான் மேல்பரப்பு அமுங்காது. மொத்தமாகத் தள்ளி மேலே தார் பூசினால் அடுத்த மழையில் தெருவின் குறுக்கே ஒரு பள்ளம் தயார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது அடுக்குப் போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து வீட்டு வாசல்கள் தாழ்ந்துவிடும், மேன்ஹோல் மூடிகள் குழியாகிவிடும். விளிம்புக்கல்லும் தாருக்குள் மறையும், வண்டிகள் நடைபாதையில் ஏறும். 4 செ.மீ. போட வேண்டுமானால் 4 செ.மீ. சுரண்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நடைபாதை என்றால் கம்பம், மின்பெட்டி, மரம் எல்லாம் போக 1.8 மீட்டர் தெளிவான அகலம். 15 செ.மீ.-க்கு மேல் உயரம் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏற வைக்கும் உயரமான நடைபாதையை மக்கள் விட்டுவிட்டுச் சாலையில்தான் நடப்பார்கள். வீட்டு வழிகளில் நடைபாதை மட்டம் மாறாமல் தொடர, வாகனம்தான் விளிம்பில் சரிந்து ஏற வேண்டும். இறங்கும் இடங்களில் சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாகக் கூடாது.

கட்டி முடித்ததும் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். ஒவ்வொரு வேகத்தடை, கடப்பு, பலகை, விளக்குக்கும் ஓர் எண், போட்ட நாள், அன்றைய அளவு, அதற்கு முன்னும் பின்னும் 85-வது வேகம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருவர் டேப்போடு நடந்து உயரத்தையும் கோடுகளையும் பார்த்துப் பதிந்தால் போதும். பலன் தராத வேகத்தடையை எடுக்கவும் இந்தப் பதிவேடுதான் ஆதாரம். அது இல்லாவிட்டால் தெருவில் வந்த எதுவும் திரும்பிப் போவதில்லை.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்திகள் "அதிவேகமே காரணம் என்று கூறப்படுகிறது" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. செய்தியாளர் அந்த இடத்துக்குப் போகும்போது சாலையின் அகலம், விளக்கு எரிந்ததா, அருகில் நின்ற வாகனம் பார்வையை மறைத்ததா, கடக்கும் இடம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, வேகத்தடைக்குக் கோடும் பலகையும் இருந்தனவா என்ற ஐந்து விவரங்களையும் சேர்த்து எழுதினால், அடுத்த வார்டு கூட்டத்தில் அந்தச் செய்தித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

இப்படிக்கு,
சாலைப் பொறியாளர்கள், உள்ளாட்சிப் பணியாளர்கள் சிலர்